ஒரு சொல்லில் அடங்குமா ஒரு வாழ்க்கை?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, சபையின் ஒப்புதலும் பெறப்பட்ட பிறகு நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். கணக்கிலே ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் எழுந்து நின்று விளக்கம் கேட்கிற சபை இது. அது மிக நல்ல பழக்கம். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிக் கணக்குப் போடும்போது மட்டும் நாம் வரவையும் பார்ப்பதில்லை, செலவையும் பார்ப்பதில்லை. நேரே கடைசி வரிக்குப் போய், ஒரே ஒரு சொல்லைத் தொகையாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். "அவர் கஞ்சர்." "இவர் அந்த இயக்கத்துக்காரர்." "அது தகராறு பிடித்த குடும்பம்." இவ்வளவுதான். ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்க்கை ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

நம் நிலக்கோட்டைப் பூச்சந்தையை அறியாதவர் இங்கே இருக்க முடியாது. மல்லிகைக்கு என்ன விலை என்று யாராவது கேட்டால், நம் வியாபாரிகள் ஒரே தொகையைச் சொல்லிவிடுவார்களா? காலையிலா, மதியத்திலா, மொட்டா, விரிந்ததா, முகூர்த்த நாளா, பனிக்காலமா என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு பூவுக்கே இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த நாம், ஒரு மனிதரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் விலை சொல்லிவிடுகிறோமே, இது நியாயமா என்பதே இன்று நாம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

இதற்கு நம் மண்ணிலிருந்தே ஒருவருடைய வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1985-ஆம் ஆண்டு திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை நிலக்கோட்டை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்த மதுரைச் சீமையை ஆண்ட கான் சாகிபு யூசுப்கானைப் பற்றியே சொல்லப்போகிறோம். மருதநாயகம் என்றால் இளைஞர்களுக்கு உடனே விளங்கும். 1997-இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் சென்னையில் தொடக்கவிழா நடந்து, பின்னர் முற்றுப்பெறாமல் நின்றுபோன திரைப்படத்தின் வழியாகவே அந்தப் பெயர் பலருக்கு அறிமுகம்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1725-ஐ ஒட்டிய காலத்தில், ஒரு வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே ஊரை விட்டு வெளியேறினார், இஸ்லாத்தைத் தழுவினார், படைத்தொழிலில் சேர்ந்தார். ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக நடந்த போர்களில் ஆங்கிலக் கம்பெனியின் பக்கம் நின்று, கம்பெனியின் சிப்பாய்ப் படைகளுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையின் உணவு வரத்தைத் தாக்கி அவர்களைத் திணறவைத்தவர்களில் முதன்மையானவர் அவரே. 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தைக் குத்தகையாகப் பெற்றார்.

அதன் பின்னர் தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரர்களை அவர் கடுமையாக ஒடுக்கினார். கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்ற நெற்கட்டான்செவல் புலித்தேவரின் கோட்டைகள் 1761-இல் யூசுப்கானின் பீரங்கிகளுக்கு முன்னால்தான் வீழ்ந்தன. அதே யூசுப்கான் மதுரையில் கண்மாய்களைச் செப்பனிட்டார், கொள்ளையை அடக்கினார், வணிகத்தையும் நெசவையும் பேணினார், வருமானம் இழந்திருந்த மீனாட்சியம்மன் கோயிலின் செலவுக்கு அரசு வருவாயிலிருந்து பணம் ஒதுக்கினார். அவருடைய ஆட்சியின் திறத்தையும் நீதியையும் பிற்காலத்தில் கம்பெனித் தளபதியான ஃபுல்லர்ட்டனே பாராட்டி எழுதினார்.

பிறகு நிலைமை மாறியது. தம்மை ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கீழ்ப்பட்டவராக வைக்க முயன்றதை அவர் ஏற்கவில்லை. 1763-இல் தனித்து நின்று, பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நவாபின் படையும் கம்பெனியின் படையும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டன. அவ்வாண்டு முற்றுகை பலிக்கவில்லை. 1764-இல் மீண்டும் வந்தன. ஜூன் மாதத் தாக்குதலையும் அவர் முறியடித்தார். உணவு வரத்தை அடைத்துப் பட்டினி போட்டபோதுதான் கோட்டை தளர்ந்தது. அக்டோபர் 13-ஆம் நாள் தம் சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கட்டப்பட்டார். அக்டோபர் 15-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடல் துண்டிக்கப்பட்டு, உறுப்புகள் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்தில் அடக்கமாகி இருக்கிறது. ஒரு கால் நமக்கு அருகிலுள்ள பெரியகுளத்தில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் வழங்கிவருகிறது.

அன்பிற்குரியவர்களே! உடலைத் துண்டித்தவர்கள் அன்றைக்கு நவாபின் ஆட்கள். அவருடைய வாழ்க்கையைத் துண்டித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்குப் பின் வந்த நாமெல்லோரும்.

எஸ். சி. ஹில் என்ற ஆங்கிலேயர் 1914-இல் அவரைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். அதன் தலைப்பே அவரைக் கலகக்காரத் தளபதி என்கிறது. கம்பெனியின் கண்ணுக்கு அவர் கலகக்காரர். புலித்தேவரைப் போற்றுவோரின் கண்ணுக்கு அவர் வெள்ளையனின் கூலி. விடுதலைப் போராட்ட வரலாறு எழுதுவோர் சிலருக்கு, கடைசி ஓராண்டை மட்டும் வைத்து, அவர் தியாகி. நாமோ "நம்மவர்" என்கிறோம். அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில், புலித்தேவரின் கோட்டைகளை யார் தகர்த்தார்கள் என்ற கேள்வி நம் காதில் விழாமல் போய்விடுகிறது.

இவற்றில் எந்தச் சொல்லும் முழுப் பொய் அன்று. அதுதான் இதிலுள்ள ஆபத்து. முழுப் பொய் என்றால் எளிதில் மறுத்துவிடலாம். இவை ஒவ்வொன்றும் ஒரு பகுதி உண்மை. பகுதியை முழுமை என்று சொல்லும்போது அந்த உண்மையே பொய்யின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் அவர் காலத்தை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல் மைசூரின் கையில். மதுரை யூசுப்கானின் கையில். இந்த இரண்டு கோட்டைகளுக்கும் இடைப்பட்ட எல்லை நிலம் நம்முடையது. 1760-இல் மைசூர்ப் படைக்கும் யூசுப்கானின் படைக்கும் சண்டை நடந்த இடங்களில் ஒன்று, இங்கிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய நம் வத்தலக்குண்டு! அன்றைக்கு வத்தலக்குண்டில் நின்றவர்களிடம் "நம்மவர் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

யூசுப்கானைக் காட்டிக்கொடுத்த மூவரையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் அவருடைய திவான் சீனிவாசராவ். ஒருவர் அவருடைய மருத்துவர் பாபா சாகிபு. மற்றொருவர் பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ச்சந்த். இந்து ஒருவர், முஸ்லிம் ஒருவர், கிறிஸ்தவர் ஒருவர். துரோகத்தை ஒரு சமயத்தின் பெயரில் எழுதிவைக்க விரும்புகிறவர்களுக்கு வரலாறு இங்கே இடமே வைக்கவில்லை. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் அவருடன் இருந்த மனைவியோ மாசா என்ற கிறிஸ்தவப் பெண்மணி.

எட்டே ஆண்டுகள் கழித்து, 1772-இல், அதே நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவருடைய துணைவியார் வேலுநாச்சியார் தஞ்சம் புகுந்த இடம் நம் திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சி. அவருக்கு ஆதரவளித்தவர் ஹைதர் அலி. அந்த ஆதரவுடன்தான் 1780-இல் வேலுநாச்சியார் தம் சீமையை மீட்டார். வருத்தியவர் ஒரு முஸ்லிம் நவாப். கைகொடுத்தவரும் ஒரு முஸ்லிம் தலைவர். "முஸ்லிம் ஆட்சியாளர்கள் இப்படித்தான்" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டில் எதை மறைப்பார்கள்?

நம்மைப் பிறர் ஒரு சொல்லில் அடக்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்பது நமக்குத் தெரியும். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தார்கள். அது கொடுஞ்செயல், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதன் பின்னர், அதனோடு எள்ளளவும் தொடர்பில்லாத எத்தனை இளைஞர்கள் பெயரைச் சொன்னவுடனேயே வாடகைக்கு வீடு கிடைக்காமல் திரும்பினார்கள்! ஒருவருடைய குற்றத்துக்கு அவருடைய ஊரும் உறவும் சமயமும் சேர்ந்து பொறுப்பாக்கப்படும் அநியாயத்தை நாம் அனுபவித்தவர்கள். அனுபவித்த நாமே அதைப் பிறருக்குச் செய்யலாமா?

மனிதர்களுக்கு மட்டும் இந்தக் கதி என்றால்கூடப் பரவாயில்லை. கருத்துகளுக்கும் இதே கதிதான். தலாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்கு இடையே பிளவு அஞ்சப்பட்டால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்குமாறு திருமறையின் அன்னிஸா அத்தியாயம் வழிகாட்டுகிறது. இத்தா என்ற காத்திருப்புக் காலம் இருக்கிறது. அதற்குள் மீண்டும் சேர்ந்து வாழ வாய்ப்பும் இருக்கிறது. நிதானம், சமரசம், பொறுப்பு ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட இந்தச் சட்டத்தை மூன்று சொற்களாகச் சுருக்கியவர்கள் யார்? வெளியே இருந்த பகைவர்களா? இல்லை, நம்மில் சில ஆண்கள். ஒரே மூச்சில் மூன்று முறை சொல்வது பித்அத், பாவம் என்று நம் மத்ஹபின் நூல்களே கண்டித்திருந்தும், கோபத்தில் சொன்னார்கள், கடிதத்தில் எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாததாக்கியது. 2019-இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி நமக்குக் குறைகள் இருக்கலாம். ஆனால் நம் ஷரீஅத்தைப் பிறர் மூன்று சொல்லாகப் பார்க்கிறார்கள் என்று வருந்துவதற்கு முன், முதலில் அதை மூன்று சொல்லாக்கியது யார் என்றும், அதனால் தாய்வீட்டுத் திண்ணைக்குத் திரும்பிய பெண்களுக்கு ஜமாஅத்துகள் என்ன செய்தன என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர்களான இமாம்கள் இப்படிச் சுருக்கியவர்கள் அல்லர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது ஆகியோர் பல மஸாயில்களில் தம் ஆசிரியரிடமிருந்தே வேறுபட்டார்கள். ஹனஃபி நூல்கள் அந்த வேறுபாடுகளை மறைக்கவில்லை. மூவருடைய கருத்தையும் அருகருகே எழுதிவைத்தன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் கூறிய பல கருத்துகளை எகிப்துக்குச் சென்ற பின் மாற்றிக்கொண்டார்கள். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டும் பாதுகாக்கப்பட்டுள்ளன. கருத்தை மாற்றிக்கொண்டதால் அவர்களை யாரும் நிலையில்லாதவர் என்று சொல்லவில்லை. இன்று நாமோ, தொழுகையில் ஒருவர் கை கட்டும் இடத்தையும் விரல் அசைக்கும் விதத்தையும் பார்த்து, ஸலாம் கொடுப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு பெயரைச் சூட்டி முடித்துவிடுகிறோம்.

இனி, நாமே செய்த ஒரு பிழையை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறோர் ஊரில் வசித்து, அங்குள்ள ஜமாஅத்தின் பொறுப்பிலும் இருந்தோம். அங்கே ஒருவர் நான்கு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தவில்லை. அவருடைய மகளுக்கு வெளியூரில் நிக்காஹ் நிச்சயமாயிற்று. வழக்கப்படி ஜமாஅத்திலிருந்து கடிதம் வேண்டும் என்று வந்தார். குறிப்பேட்டைப் புரட்டினோம், பாக்கி தெரிந்தது. "சந்தா கொடுக்காத வீடு" என்று ஒருவர் சொன்னார். நாமும் தலையசைத்தோம். பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். இரண்டு வாரம் கடந்தது. கடிதம் ஏன் வரவில்லை, பெண்வீட்டில் ஏதேனும் குறையோ என்று மாப்பிள்ளை வீட்டார் சந்தேகம் கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாயிற்று. மோதினாரை அழைத்து, பழுது பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றோம். அவர் தயங்கினார். "இத்தனை வருஷமாக இதைப் பார்ப்பது அவர்தான் அத்தா. கூலி வாங்கமாட்டார். சில்லறைச் சாமான்களும் அவர் செலவுதான். இப்போது எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது?" என்றார். நாம் அந்தத் தண்ணீரில் ஐந்து வேளையும் ஒளு செய்தவர்கள். மோட்டார் தானாக ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். விசாரித்தபோது, தொழில் நொடித்து, விதவையான தங்கையின் பிள்ளைகளையும் அவர் படிக்கவைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நம் குறிப்பேட்டில் சந்தாவுக்குக் கட்டம் இருந்தது. இவற்றுக்குக் கட்டம் இல்லை. அன்று இரவே கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார். மறுநாள் காலை பஜ்ருக்கு முன்பே மோட்டார் ஓடியது. நிக்காஹும் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்த இரண்டு வாரத்தை அவருக்கோ அவர் மகளுக்கோ நம்மால் திருப்பித் தர முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழலாம். எல்லாவற்றையும் விரிவாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் முடிவுசெய்ய முடியுமா? சுருக்கிச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது? உண்மைதான். மக்தபில் சிறுபிள்ளைக்கு ஐந்து கடமைகளை எண்ணித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அது தொடக்கம். அந்தப் பிள்ளை நாற்பது வயதிலும் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் அது கல்வி ஆகாது. சுருக்கம் தவறு அன்று. இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எண்ணுவதே தவறு.

மற்றொரு கேள்வியும் உண்டு. இப்படிப் பேசினால் தவறு செய்தவர்கள் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா? மாட்டார்கள். செயலைத் தவறு என்று சொல்வது வேறு. ஆளையே அந்தத் தவறாக்கிவிடுவது வேறு. யூசுப்கான் பாளையக்காரர்களை ஒடுக்கியது கம்பெனி வேரூன்ற உதவியது. அதை நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டும். அவர் கண்மாய்களைச் செப்பனிட்டதையும், கடைசியில் நவாபுக்கும் கம்பெனிக்கும் பணிய மறுத்ததையும் அதே வாயால் சொல்ல வேண்டும். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய சண்டையைக் கதைப்பாடலாக நம் நாட்டுப்புற மக்கள் பாடிவந்தார்கள். சந்தா பாக்கி வைத்தவரிடம் சந்தா கேட்பதும் தவறு அன்று. கேட்க வேண்டும். ஆனால் அவரை "சந்தா கொடுக்காத வீடு" என்று பெயரிட நமக்கு உரிமை இல்லை.

திருமறையின் 49-ஆம் அத்தியாயமான ஹுஜுராத் இதற்கான ஒழுங்கைத் தெளிவாகக் கற்பிக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறது. ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும், வீண் சந்தேகத்தையும், புறம் பேசுவதையும் தடுக்கிறது. விசாரிக்காத செய்தியும், பட்டப்பெயரும், சந்தேகமும் ஒரே இடத்தில் தடுக்கப்பட்டிருப்பதைச் சிந்தியுங்கள். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றவையும் வந்துவிடுகின்றன.

ஆகவே நிர்வாகப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, யார் மீது புகார் வந்தாலும் அவரை நேரில் அழைத்துக் கேட்காமல் முடிவு எழுத வேண்டாம். நிக்காஹ் கடிதத்துக்காக வரும் எவரையும் பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பாக்கியைப் பேசுவோம். இரண்டாவது, பணமாகத் தராமல் உழைப்பாகத் தருபவர்களின் பெயர்களுக்கும் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். விரும்பாதவர் பெயரை விட்டுவிடலாம். ஆனால் நிர்வாகத்துக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளைத் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கும், பேகம்பூர் பள்ளிவாசலுக்கும், விருப்பாட்சிக்கும், சம்மட்டிபுரத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். "இவர் நம்மவர்" என்று சொல்லிக்கொடுப்பதற்காக அல்ல. "இவர் இன்னின்ன செய்தார், இதில் எது சரி, எது தவறு? நீயே சொல்" என்று அவர்களைக் கேட்பதற்காக.

பெரியோர்களே, சகோதரர்களே! நாளை மறுமையில் நம் ஏடு விரிக்கப்படும்போது, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் அதில் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாம். நம் இறைவன் நம்மை ஒரு சொல்லில் முடித்துவிடுவதில்லை என்பதே நமக்கிருக்கும் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை எதிர்பார்க்கும் நாம், பக்கத்தில் தோளோடு தோள் நின்று தொழுபவருக்கும், பக்கத்துத் தெருவில் வாழும் மாற்றுச் சமய அன்பருக்கும் அதில் சிறிதேனும் வழங்குவோம். அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.